குழாய் அவனுக்கு, பெட்டி எனக்கு

5 ஜூலை 1954

அமரவிளையில் ஒரு கல்யாண வீடு. பொன்னப்பனும் நானும் கூட்டாக நடத்தும் மைக்செட்தான். ஆம்ப்ளிபயர் பெட்டி என்னுடையது, ஒலிபெருக்கிக் குழாய் அவனுடையது. புதுப்படத்தில் கதாநாயகி காதலனுக்காக வாசலில் காத்து நிற்கும் பாட்டைப் போட்டதுதான் தாமதம், பந்தியில் இருந்தவர்கள் வேறு வரிகளைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். "தாய்வீடு போகிறோம், தடுக்க நீ யார்?" எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நடக்கும் ஊர்வலங்களுக்காக, என் மனைவி ஞானபாய் அந்த மெட்டில் கட்டிய வரிகள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. சோறு விளம்பியவன்கூடத் தாளம் போட்டான்.

பொன்னப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. "எலே நேசையா, கல்யாண வீட்டுல எதுக்குலே அரசியலு? நான் கேரளம் வேணும்னு நிக்கியவன். என் குழாயிலயா இது?"

"சினிமாப் பாட்டாக்கும்" என்றேன். முழுப்பொய்யும் இல்லை.

18 ஜூலை

ஞானபாய் அடுத்த பாட்டுக்கு மெட்டு கேட்கிறாள். சபையில் பாடும் கீர்த்தனை மெட்டு வேண்டாமாம். "கீர்த்தனைக்கு ஆளுவ எழும்பி நிப்பாவ. சினிமாப் பாட்டுக்காக்கும் கூட நடப்பாவ." எங்கள் தலைவர்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

12 ஆகஸ்ட்

நேற்று புதுக்கடையில் எங்கள் ஊர்வலத்தின் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. தமிழ்ப் பத்திரிகையில் ஒரு கதை, மலையாளப் பத்திரிகையில் வேறொரு கதை. எதை நம்ப? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

14 ஆகஸ்ட்

இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "அந்தப் பாட்டு எங்கே?" என்று கேட்டு, இசைத்தட்டைத் தூணில் அடித்து உடைத்தார்கள். காதல் பாட்டுக்கு அடி! ஞானபாய் துண்டுகளைப் பெருக்கி எடுத்தாள். பயமாக இருக்கிறது. ஆனால் — பெருமையாகவும் இருக்கிறதே, என்ன செய்ய?

15 ஆகஸ்ட்

பொன்னப்பன் வந்து குழாயைக் கழற்றிக்கொண்டு போனான். "இனி கூட்டு வேண்டாம். பெட்டி உனக்கு, குழாய் எனக்கு." குழாய் இல்லாத பெட்டியும், பெட்டி இல்லாத குழாயும் எதற்கு ஆகும்? போலே போ.

11 அக்டோபர் 1955

மாநிலங்களைப் பிரிக்கும் கமிஷனின் அறிக்கை பத்திரிகையில் வந்துவிட்டது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம். எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்துப் பக்கமேதான். வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை.

2 நவம்பர் 1956

நேற்று கேரளம் பிறந்த நாள். பாறசாலையில் கொண்டாட்டம். பொன்னப்பன் எங்கோ வாடகைக்குப் பிடித்த பெட்டி, அவன் குழாயில் ஊளையிட்டது. வீட்டிலிருந்தே கேட்டது, பொறுக்க முடியவில்லை. நம்மைத் தோற்கடித்தவன் பேச்சாவது ஒழுங்காகக் கேட்கட்டும் என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பொன்னப்பன் வயரை நீட்டினான்.

பேச்செல்லாம் முடிந்ததும், தாளில் சுற்றிய ஓர் இசைத்தட்டை எடுத்தான். அதே பாட்டு! திருவனந்தபுரத்தில் தேடி வாங்கியிருக்கிறான். "உடைஞ்சதுக்குப் பதிலு. போடு மக்கா." கண் நிறைந்துவிட்டது எனக்கு.

பயந்து பயந்துதான் போட்டேன். குழாய்க்கு அடியிலேயே இரண்டு போலீஸ்காரர்கள். அதில் ஒருவர் காலால் தாளம் போட்டார். கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடியது — படத்தில் உள்ள வரிகளை.

வீட்டுக்கு வந்து ஞானபாயிடம் சொன்னேன். "நிறுத்தச் சொல்லி ஒருத்தனும் வரல்ல."

"அப்ப நாம தோத்தாச்சு" என்றாள்.