பத்திரத்தில் பதினான்கு லட்சம்

ஜூன் 9, திங்கள்

லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் அக்ரிமெண்டைப் புரட்டிப் பார்த்தார். "இதுல பதினாலு லட்சம்னு இருக்கு. அதுல எண்பது சதவீதம்தான்மா தர முடியும். பத்திரச் செலவு உங்க கைக்காசு."

வீட்டின் உண்மையான விலை இருபத்திரண்டு. அதை எப்படி வாயைத் திறந்து சொல்வது? போன மாதம் அக்ரிமெண்ட் போட்டபோது வீட்டை விற்கும் நடராசன் சார்தான் யோசனை சொன்னார். அரசாங்க வழிகாட்டி மதிப்பு பதினான்குதான், அதையே எழுதிக்கொண்டால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டிலுமாக எழுபதாயிரத்துக்கு மேல் உங்களுக்கு மிச்சம் என்றார். எனக்கும் என் வீட்டுக்காரர் அறிவரசனுக்கும் வாயெல்லாம் பல். எழுபதாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் லோனில் ஆறு லட்சத்தைக் கோட்டை விட்டிருக்கிறோம்.

இரண்டு லட்சம் அட்வான்ஸ் அவர் கையில். ஆகஸ்ட் 12-க்குள் கிரயம் முடிக்காவிட்டால் அது அவருக்கே. இந்த வாடகை வீட்டையோ ஆகஸ்ட் பதினைந்துக்குள் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 10

அறிவரசன் சிமெண்ட் லோடோடு ஓசூரில். போனில் சொன்னேன். "வண்டி ஓட்டுறப்ப இதைச் சொல்றியே வெற்றி" என்றார். வேறு எப்போது சொல்வது?

ஜூன் 15, ஞாயிறு

நடராசன் சார் ஓய்வுபெற்ற கண்டக்டர். மரியாதையாகப் பேசுவார், காபி கொடுப்பார். இன்றும் கொடுத்தார். அக்ரிமெண்டை இருபத்திரண்டுக்கு மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். கூடுதல் பத்திரச் செலவு எங்களுடையதுதான் என்றும் சொன்னேன்.

"உங்களுக்கு நல்லது பண்ணத்தானேம்மா அப்படி எழுதுனேன். தோதுப்படலேன்னா விட்டுருங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

விட்டால் இரண்டு லட்சம் போச்சு. விடாவிட்டால் ஆறு லட்சத்துக்கு எங்கே போவேன்? காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நாங்கள் வாங்கும் துறைமங்கலம் வீடு அவருடைய அப்பா கட்டியது. தங்கை சசிகலாவுக்கும் சரிபாதி உண்டு. பத்திரத்தன்று தங்கை வந்து கையெழுத்துப் போடுவார் என்று அவர் சொன்னதை நம்பி, அக்ரிமெண்டில் அவர் கையெழுத்தை வாங்காமல் விட்டோம். அவரைப் போய்ப் பார்த்தால் என்ன? தங்கை சொன்னால் கேட்கமாட்டாரா?

ஜூன் 22, ஞாயிறு



அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மாறி கங்கைகொண்ட சோழபுரம் போனேன். சசிகலா அக்கா வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நல்லவிதமாக உட்காரவைத்தார். நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். இருபத்திரண்டு லட்சத்தைப் பத்திரத்தில் அப்படியே காட்டினால்தான் எனக்கு லோன் வரும், அண்ணனிடம் சொல்லுங்கள் என்றேன்.

அக்காவின் கை அப்படியே நின்றது.

"அண்ணன் பதினாலுக்குப் பேசியிருக்கேன்னுல்ல சொல்லுச்சு. ஆளுக்கு ஏழுன்னு சொல்லுச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு மிச்சமாகட்டும் என்று அவர் பதினான்கு எழுதவில்லை. அக்கா பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, நான் பஸ் ஏறும்வரை நின்றார்.

ஜூன் 24

நடராசன் சார் போன் பண்ணினார். "ஒண்ணும் தெரியாத புள்ளையாட்டம் வந்து எங்க குடும்பத்தையே ரெண்டாக்கிட்டீங்களேம்மா."

நானா ரெண்டாக்கினேன்? நான் எதுக்குப் போனேன், இவரு என்ன பண்ணி வச்சிருந்தாரு! இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கணும். கேட்கலை. ரெண்டு லட்சம் அவரு கையில இருக்கு.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு பக்கமிருந்தும் பேச்சில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாலக்கரைப் பக்கம் வாடகை வீடு பார்க்கப் போனேன். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" சொன்னேன். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். பதின்மூன்று வருடமாக டவுனில் குடியிருக்கிறேன். சொல்லி அனுப்பியவர் ஒருவர் இல்லை.

எனக்கு அந்த வீடு வேண்டும். என் பெயரில் வேண்டும்.

ஜூலை 14

சசிகலா அக்கா போன். இருபத்திரண்டு எழுதினால்தான் கையெழுத்து, இல்லாவிட்டால் கோர்ட்டு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். அவரும் வேறு வழியில்லாமல் இறங்கி வந்திருக்கிறார். புது அக்ரிமெண்டில் இரண்டு பேருமே கையெழுத்து. ஆனால் கெடு மட்டும் அதே ஆகஸ்ட் 12. பேங்க் வேலை முடிவதற்குள் ஆடி பாதி போய்விடும். "ஆடியில பத்திரம் பண்ணுவீங்களா?" என்று கேட்டார் நடராசன் சார். பயந்து பின்வாங்குவோம் என்று நினைப்பு. ஆடியாவது ஒன்றாவது.

ஆகஸ்ட் 4

லோன் வந்துவிட்டது. பத்திரச் செலவு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தும் அறுபத்து மூவாயிரம் குறைந்தது. செயினை விற்றேன். கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதிவு முடிந்தது. அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்து கைரேகை வைத்தார்கள். அவர் தங்கை பக்கம் திரும்பவே இல்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை வியாழக்கிழமை தருவதாக நடராசன் சார் சொன்னார், பழைய சாமான்களை எடுக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாமான்களைப் பதினாலாம் தேதியே கொண்டுவந்து போட்டுவிட்டு, ஆவணி முதல் தேதியான இன்று பால் காய்ச்சினோம். தண்ணீர் பக்கத்து வீட்டு வேணியக்கா கொடுத்தது. போர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார் நடராசன் சார். பைப்பைக்கூட அறுத்திருக்கிறார். அறிவரசனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை, சசிகலாவிடம் சொல்லியே தீருவேன் என்று நின்றார்.

மத்தியானம் அக்காவே கூப்பிட்டார்.

"எல்லாம் சரியா இருக்காம்மா? தண்ணி நல்லா வருதா? அப்பா போட்ட போரு அது."

"நல்லா வருதுக்கா."

"சாவி குடுத்தப்ப அண்ணன் என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டாருக்கா. நல்லா இருக்கான்னு கேட்டாரு."

அறிவரசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் வேணியக்கா வீட்டுக்குப் போனேன்.