சின்னச் சக்கரம்

12.8.83, வெள்ளி

என் மனைவி சரசுவுக்குக் கால் தரைக்கு எட்ட வேண்டுமென்று என் பெரிய சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சின்னச் சக்கரங்களை நானே மாட்டினேன். இன்று காலை முதலியார்பேட்டைத் திருப்பத்தில் விழுந்துவிட்டாள். பின்னால் வந்த நான் கடைக்காரர்கள் பார்க்கக் கத்தினேன்: "ஓட்டத் தெரியலன்னா எதுக்குடி ஏறுற?"

சாயங்காலம் அதே இடத்தில் நான் ஓட்டிப் பார்த்தேன். சாய்ந்து திரும்பியதும் பெடல் தரையில் இடித்து என்னையும் தள்ளியது. வண்டி தாழ்ந்தால் பெடலும் தாழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் அவள் முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "நீங்க ஆசையா செஞ்சு குடுத்தத நான் கீழ போட்டுட்டேன். இனிமே அந்தத் திருப்பத்துல எறங்கித் தள்ளிக்கினு போறேங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"பாத்து ஓட்டு" என்றேன்.