மாடி ஓய்வறையை ‘ஓஷியோஸ்’ என்று எழுதியது பற்றி

அனுப்புநர்:
ஏழாம் போர்டு ஆபரேட்டர் (பணி ஓய்வு),
பழைய தொலைபேசி நிலையம்.

பெறுநர்:
கட்டடப் பிரிவு அதிகாரி அவர்கள்,
தொலைபேசித் துறை.

பொருள்: பெண் ஊழியர் ஓய்வறையை இடிக்கும் முடிவைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஓய்வறையை இடிக்கப்போவதாகக் கதவில் ஒட்டப்பட்ட ஆங்கில அறிவிப்பைக் கண்டோம். அதில் அறையை ‘ஓஷியோஸ்’ (otiose) என்று குறிப்பிட்டுள்ளீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகும் செவ்வாய்தோறும் மதியம் அங்கே கூடும் எங்களில் யாருக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. காய்ச்சல் மாத்திரை போலிருக்கிறது என்றாள் ஒருத்தி. அகராதியைப் புரட்டினோம். பயனற்றது என்பது முதல் பொருள். பலன் தராதது என்பது அடுத்தது. சும்மா இருப்பது, ஓய்வாக இருப்பது என்பது பழைய பொருளாம். இப்போது அவ்வளவாக வழக்கில் இல்லையாம்.

2. முதல் இரண்டையும் மறுக்க எங்களிடம் ஆதாரம் இல்லை. அந்த அறையில் நாங்கள் உருப்படியாக எதுவும் செய்ததில்லை. ஷிப்ட் முழுக்க ஊரார் சண்டையும் சமாதானமும் எங்கள் காது வழியாகத்தான் போகும். அழைப்புகளை இணைக்கும் போர்டை விட்டு எழுந்ததும் நேராக அங்கே போய், ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டுவோம். ஒருத்தி மடியில் இன்னொருத்தி தலை. சுவரில் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று மேற்பார்வையாளர் கதவைத் தட்டுவார். ஒன்றுமில்லை என்போம். அது பொய்யில்லை.

3. எனக்கு அடுத்த போர்டில் இருந்தவளை மைனா என்போம், அவ்வளவு பேச்சு. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து அவள் போர்டுக்கே அழைப்பு வந்தது. அவள் கணவர் பெயரைச் சொல்லி, விபத்தில் இறந்துவிட்டார், அவர் தம்பி வீட்டுக்கு இணைப்பு வேண்டும் என்றார்கள். பேசுவது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. இணைப்பைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பிறகு வேலைக்கு வந்தாள். எண்களை மட்டும் சொன்னாள். ஆறுதல் சொன்னவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாங்களும் சொல்வதை விட்டுவிட்டோம். ஓய்வு நேரத்தில் எங்களோடு அந்தக் கட்டிலில் கிடப்பாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. ஒரு மதியம், தூங்குகிறாள் என்று நினைத்திருந்தபோது, விட்டத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

“கொஞ்சம் தள்ளிப் படுங்கடி. மூச்சு முட்டுது.”

அதற்குப் பிறகு அவள் வாயை மூடவைப்பதுதான் பெரும்பாடாயிற்று.

4. இன்றும் இரண்டு பஸ் மாறி, எங்கள் தோளைப் பிடித்து மாடி ஏறி வருகிறாள். தங்கள் அறிவிப்பைப் படித்ததிலிருந்து அவள் பேச்சு குறைந்திருக்கிறது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

5. ஆகவே, இடிக்கும் உத்தரவில் கையெழுத்திடுமுன் ஒரு செவ்வாய் மதியம் தாங்கள் நேரில் வந்து அறையைப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். கோப்பு எதுவும் வேண்டாம். உதவியாளரும் வேண்டாம். ஜன்னல் பக்கமாக உட்காருங்கள். அன்றைக்கு மட்டும் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் வர வேண்டும், அம்மா.

இடம்: மாடி ஓய்வறை
நாள்: செவ்வாய்

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
ஏழாம் போர்டு
(மற்றவர்கள் கையொப்பம் பின்பக்கம்)