அழுத்தியும் நிற்காத இயந்திரம்

அனுப்புநர்:
பெட்டி மடிக்கும் இயந்திரத்தை ஓட்டும் பெண் தொழிலாளி,
அட்டைப்பெட்டித் தொழிற்சாலை.

பெறுநர்:
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்யாததால் நேர்ந்த விபத்து – மறுவிசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரின் தங்கையும் ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தோம். நான் ஓட்டுவேன், அவள் எதிர்ப்பக்கம் அட்டை அடுக்குவாள். சென்ற மாதம், சிக்கிய அட்டையை எடுக்கும்போது அவளுடைய வலது கை அழுத்துத் தகட்டுக்குள் மாட்டிக்கொண்டது. உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் நிற்கவில்லை. திரும்பத் திரும்பக் குத்தினேன். மின்பணியாளர் ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்கிய பிறகே நின்றது. மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

2. பொத்தான் அழுத்தப்படவே இல்லை என்கிறது நிர்வாகத்தின் அறிக்கை. இயந்திரத்தை இயக்கும் கணினியில் பதிவு இல்லையாம். தங்கள் அலுவலகமும் அதை ஏற்றுக்கொண்டது. அன்றுமுதல் மாமியார் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

3. நடந்தது இதுதான். பொத்தானை அழுத்துவதால் அடிக்கடி உற்பத்தி தடைபடுகிறதென்று, அதன் கம்பியை மின்சாரத்தைத் துண்டிக்கும் இணைப்பிலிருந்து கழற்றி, கணினிக்குச் சேதி மட்டும் போகும்படி மாற்றியிருக்கிறார்கள். அன்று கணினி இயங்காமல் உறைந்துவிட்டது. சேதியும் போகவில்லை, பதிவும் ஆகவில்லை. சாதாரணக் கணினியை மட்டும் நம்பி இப்பொத்தான் இருக்கக் கூடாது என்பது சர்வதேசப் பாதுகாப்புத் தரம். அத்தரத்துக்கு உட்பட்டதென்ற தகடு இயந்திரத்தின் முகப்பில் இன்னும் இருக்கிறது. மேலாளர் சொல்லிக் கம்பியை மாற்றிய மின்பணியாளரே, மருத்துவமனை வாசலில் என்னிடம் இதைச் சொல்லித் தலைகுனிந்து நின்றார். தாங்கள் அழைத்தால் சாட்சி சொல்வார்.

4. உள்ளே போய் நாத்தனாரைப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை. அவளே ஆளனுப்பிக் கூப்பிட்டாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி, "அண்ணி, நீங்க அழுத்தினத நான் பார்த்தேன். என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல" என்றாள். அவளை விசாரிக்காமலேயே விசாரணை முடிந்திருக்கிறது, ஐயா.

5. அதே இயந்திரம் இன்றும் ஓடுகிறது. அவள் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். ஆபத்தென்றால் இந்தப் பொத்தானை அழுத்து என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னையே அனுப்பினார்கள். என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். இப்போது இடைநீக்கத்தில் இருக்கிறேன்.

ஆகவே, தாங்கள் முன்னறிவிப்பின்றி வந்து அப்பொத்தானின் இணைப்பைச் சோதித்து, என் நாத்தனாரின் வாக்குமூலத்தையும் பெற வேண்டுகிறேன். என் வேலையைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இம்மனு கைக்குக் கிடைத்ததும், முதலில் அந்தப் பெண்ணை அங்கிருந்து விலகி நிற்கச் சொல்லுங்கள்.

நாள்: மார்ச் 14
இடம்: தொழிலாளர் குடியிருப்பு

தங்கள் வருகைக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)