திரையில் வராத பேக்கிங் கம்ப்யூட்டர்

20 ஆகஸ்ட் 2004, வெள்ளி

பேக்கிங் பிரிவின் கம்ப்யூட்டருக்கு இந்த நேரத்தில் பாதுகாப்பு இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை.

ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஷூ ஃபேக்டரி அமைதியாக இருக்கும் என்று, வைரஸ் தடுப்பு சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். அதற்குமுன் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் புதிய பதிப்பை அனுப்பினேன். பேக்கிங் சூப்பர்வைசர் நசீர் பாய் தொழுகைக்குக் கிளம்பும்போது தன்னுடையதை அணைத்துவிடுவார். அதை மறந்துவிட்டேன். அதில் இருப்பது பழைய பதிப்பு. புதிய சர்வர் அதை ஏற்கவில்லை. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் காட்டும் என் திரையில் அதன் பெயரே காணோம். நாளைக் காலையில் நேரில் போய்த்தான் மாற்றவேண்டும்.

"நான் வர்ற வரைக்கும் நாளைக்கு அதுல ஃப்ளாப்பி போடாதீங்க பாய்," என்று தொழுகை முடிந்து வந்தவரிடம் சொன்னேன்.

"இன்னா மேடம், காலைல கன்டெய்னர் போவணும். ஷிப்பிங் பேப்பரே ஃப்ளாப்பிலதான் வருது. உங்க சர்வருக்கு ஜுரம்னா என் பெட்டி இன்னா பண்ணும்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் ஒரு ஃப்ளாப்பிதான் அக்கவுண்ட்ஸை முடக்கியது. நாளை கன்டெய்னர் நின்றால், முதலாளியிடம் நான் என்ன...

சனி. நான் போவதற்குள் ஃப்ளாப்பியைப் போட்டுவிட்டார். அதில் வைரஸ் இருந்தது. பழைய பதிப்பே தடுத்து, அவர் திரையில் எச்சரிக்கையும் காட்டியிருக்கிறது. அவர் அதை மூடிவிட்டு பேப்பரை அச்செடுத்திருக்கிறார். கன்டெய்னர் போய்விட்டது. என் திரை அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.