அங்கே கட்டடம் எதுவும் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் அப்பாவை வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டு நலம் என்று எழுத மனம் வரவில்லை. அத்தானும் நானும் உன் மருமகளும் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அப்பா இறந்த செய்தியை அனுப்பியபோது 'சரி' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாய். அதன்பிறகு போனை அணைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த போனைச் சுவரில் அடித்திருப்பேன். அத்தான்தான் தடுத்தார். "அவனுக்கு வேற வார்த்தை வரலையோ என்னவோ, விடு" என்றார். அவருக்கு யார்மீதும் கோபம் வராது, தெரியும்தானே. அதனால்தான் அவசரக் கூரியரில் இந்தக் கடிதம். கடிதத்தை அணைத்து வைக்க முடியாது பார்.

அப்பாவைப் பற்றிய புலம்பல் என்று நினைத்துப் பாதியில் மடித்து வைத்துவிடாதே. இது வேலை விஷயம். நீ வரைந்து கொடுத்த வரைபடக் கட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு உன்னை இழுத்துவிட்டவளே நான்தான். அங்கே வெளிநாட்டில் கிடங்கில் வேலை முடிந்து வந்து, நாலு பேர் தூங்கும் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. சும்மா கிடப்பதற்கு எங்கள் வரைபட அலுவலகத்துக்காவது உதவட்டுமே என்று சேர்த்துவிட்டேன். விமானத்திலிருந்து எடுத்த படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருப்போம்; ஆளுக்கொரு கட்டத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கூரை கூரையாகக் கோடு போட வேண்டும். வெள்ளம் வந்தால் படகுக்காரர்கள் கையில் அந்த வரைபடம்தான் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனோம், எந்த வீடு பாக்கி என்று அதில் குறித்துக்கொண்டே போவார்கள். இதை உனக்கு முதல் நாள் சொன்னபோது, "சம்பளம் உண்டா?" என்று கேட்டாய். இல்லை என்றதும், "அப்ப நான் எப்ப வேணும்னாலும் லீவு போடலாம்" என்று சிரித்தாய். ரொம்ப நாளைக்குப் பிறகு நீ சிரித்து அன்றுதான் கேட்டேன்.

உன்னைப்போல் எத்தனையோ பேர் முகம் தெரியாமல் வரைகிறார்கள். அதைச் சரிபார்த்துக் குறிப்பு அனுப்புவதுதான் என் வேலை. நின்றுகொண்டிருந்த லாரியை வீடு என்று போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி உண்டு. ஒருவர் மாடிவீடுகளை விட்டுவிட்டு அவற்றின் நிழல்களை மட்டும் அழகாக வரைந்து கொடுத்தார். இன்னொருவர் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். யாரையும் திட்டக்கூடாது என்பது எங்கள் மேலாளர் உத்தரவு. படத்தை மூக்கு உரசப் பார்ப்பார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகு. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் தவறு, கடைசியில் நன்றி. இப்படி எழுதி எழுதி, வீட்டில் உன் மருமகள் பாலைக் கொட்டினால்கூட, "டம்ளரை நல்லா பிடிச்சிருந்தே, ஆனா" என்று ஆரம்பிக்கிறேன்.

நம் தெரு இருக்கும் கட்டத்தை உனக்கு நான் ஒதுக்கவில்லை. நீயேதான் எடுத்தாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சொன்னால் கட்டத்தை விட்டுவிட்டு ஓடிவிடுவாய் என்று வாயைத் திறக்கவில்லை. நீ வரைந்து முடித்ததும் திறந்து பார்த்தேன். குறை சொல்ல முடியாத வேலை. தையல்காரர் வீட்டுப் பின்பக்கத்துக் கழிவறையைக்கூட விடவில்லை. இடிந்த அரிசி ஆலையில் மிச்சமிருக்கும் சுவரைக்கூட ஒழுங்காகப் போட்டிருந்தாய். தெருமுனையில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் நம் வீடு மட்டும் இல்லை.

மறதி என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு அனுப்புவதைப்போலவே உனக்கும் அனுப்பினேன். 'மிக நேர்த்தியான வேலை. கிழக்கு ஓரத்தில் ஒரு கட்டடம் விடுபட்டுள்ளது, சேர்க்கவும். நன்றி.' முடித்துவிட்டதாகக் கட்டத்தை அப்படியே திருப்பி அனுப்பினாய். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அப்படியே வந்தது. மூன்றாவது முறைதான் நீ பதில் எழுதினாய்: 'அங்கே கட்டடம் எதுவும் இல்லை.'

என் பக்கத்து நாற்காலிக்காரி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருப்பா இது, கண்ணு அவிஞ்சு போச்சா? இவ்வளவு பெரிய கூரை தெரியலையாம்! பேரை லிஸ்ட்லேருந்து எடுத்துடு" என்றாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். என்ன செய்வது, என் தம்பி என்று சொல்லவா முடியும்?

அம்மா போன அன்றைக்கு நீ வாசலில் நின்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நீ கெஞ்சினாய். விடியட்டும் என்று அப்பா சொன்னார். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். "இது அம்மாவைக் கொன்ன வீடு. இனிமே எனக்கு இப்படியொரு வீடே இல்லை" என்று நீ சொன்னாய். "இல்லைன்னா இல்லைதான். போடா" என்று அவர் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் உங்கள் இரண்டு பேரையும் அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் அதற்குப் பிறகு உன் பெயரையே எடுக்கவில்லை. நீ படத்தில்கூட அந்த வீட்டைப் போடவில்லை. நடுவில் கிடந்து அல்லாடியது நான்.

அந்தக் கட்டத்தை முடிக்காமல் விட்டுவைத்தேன். என்றாவது ஒருநாள் உனக்கு மனசு மாறும், நீயே போடுவாய் என்று ஒரு நப்பாசை. அதற்குள் மழை எச்சரிக்கை வந்துவிட்டது. வரைபடத்தை அன்றே அச்சடித்துப் படகுக்காரர்களிடம் கொடுக்க வேண்டும் என்று கழுகு தலைமேல் நின்றார். விடுபட்ட கட்டடங்களை எல்லாம் அவசர அவசரமாகப் போட்டேன். நம் வீட்டையும் நானே போட்டேன். நாலு மூலை, நாலு சொடுக்கு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தண்ணீர் வந்தது உனக்குத் தெரியும், செய்தியில் பார்த்திருப்பாய். முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடினேன். "நான் வச்ச செங்கல், என்னை ஒண்ணும் பண்ணாது" என்றார். கொத்தனாருக்கு வந்த கர்வம். மறுநாள் தெரு முழுகியபோது அவர் போனும் போய்விட்டது. படகு அங்கே சேர்ந்தபோது அப்பா பரணில் ஏறி உட்கார்ந்திருந்தாராம், கீழே இடுப்புக்குமேல் தண்ணீர். இறங்கி வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். படகுக்காரர் பொறுமைசாலி. கையிலிருந்த வரைபடத்தைக் காட்டி, "பெரியவரே, உங்க வீடு இதுல இருக்கு. உங்களை ஏத்தாம நான் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது" என்றிருக்கிறார். "என் வீட்டை அதுல யாரு போட்டது?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான், நான் கொடுத்து வைத்திருந்த எண்ணில் படகுக்காரர் எனக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தார். அப்பா அதே கேள்வியை என்னிடமும் கேட்டார். வெளியே தண்ணீர் இரைகிற சத்தம் போனிலேயே கேட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் வீடு இருக்குமோ இருக்காதோ. என் வாயில் வந்ததைச் சொன்னேன். "தம்பிதான்பா போட்டான். அங்கேருந்து தேடிப் பிடிச்சுப் போட்டிருக்கான். நீங்க ஏறுங்க" என்றேன்.

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறினாராம். ஏறும்போது, "பார்த்துப் பிடிப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

ஆனால் ஈரத்தில் அவ்வளவு நேரம் இருந்தது நெஞ்சில் சளியாக இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், மூச்சு வாங்கிக்கொண்டே, அந்தப் படத்தைக் கொண்டுவா என்றார். அலுவலகத்திலிருந்து ஒரு பிரதி எடுத்துப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம் வீட்டைத் தேடினார். கண்டுபிடித்துவிட்டு விரலை அதன்மேல் வைத்தபடியே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "பின்னாடி சமையலறை நீட்டிக்கிட்டு இருக்குமே, அதைக் காணோமே" என்றார்.

அவசரத்தில் வெறும் சதுரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். படத்தில் அந்தச் சமையலறையின் தகரக்கூரை பளிச்சென்று தெரியத்தான் செய்கிறது. 'கட்டடத்தின் எல்லா மூலைகளையும் பின்பற்றவும்' என்று ஊருக்கெல்லாம் குறிப்பு அனுப்புகிறவள், பெற்ற அப்பா வீட்டில் கோட்டைவிட்டிருக்கிறேன். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "அவன் இருந்தப்ப அது ஏது? அவன் போனதுக்கப்புறம்தானே இழுத்துக் கட்டினேன். அவனுக்கு எப்படித் தெரியும்? அப்ப அவன்தான் போட்டிருக்கான்."

அதுவரைக்கும் என்னை முழுசாக நம்பவில்லை போலிருக்கிறது, கிழவர். என் தவறைப் பார்த்துத்தான் நம்பினார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை தம்பி. ஊசி போட வந்த நர்ஸிடம் அந்தத் தாளைக் காட்டி, "என் பையன் போட்டது. வெளிநாட்டுல இருக்கான்" என்றார். இன்ஜினீயரா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "ஆமா" என்று கூசாமல் சொன்னார். நான் திரும்பி நின்று சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

அதற்கு மறுநாள் முடிந்துவிட்டது. உன்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. "அவன் வேலையைக் கெடுக்காதே" என்றார். வருடக்கணக்கில் உன்னைப் பற்றி அவர் பேசிய பேச்சு மொத்தமும் அந்த இரண்டு நாளில் பேசியதுதான். கடைசிவரை வலியில் கிடந்தார், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் மனதில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. அதை நான் பொய் சொல்லி இறக்கினேன்.

நேற்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். வீடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பின்சுவரில் ஒரு துண்டு நிற்கிறது, மற்றதெல்லாம் சேறு. தையல்காரர் தன் தையல் மெஷினைத் தோண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அப்பாவைக் கடைசியா பார்க்க வர முடியலம்மா" என்றார். அவர் மனைவியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இந்த வாரம் மறுபடி விமானம் பறந்து புதிய படம் எடுக்கப்போகிறார்கள். அது வந்ததும் பழைய படம் போய்விடும். இல்லாத வீடுகளை எல்லாம் நீக்க வேண்டும் என்பது விதி, நீக்குகிற வேலையும் என்னுடையதுதான். அப்போது, அங்கே கட்டடம் எதுவும் இல்லை என்று நீ எழுதியதே சரியாகிவிடும். அதை நினைத்துக்கொண்டு உன்னால் வாழ்நாள் முழுக்க இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் முடியாது.

நான் போட்ட சதுரத்தை இன்று காலை அழித்துவிட்டேன். கழுகுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ, சொல்லிக்கொள்ளட்டும். கட்டம் உன் பெயரில் திறந்திருக்கிறது. பழைய படத்தில் வீடு அப்படியே இருக்கிறது. நடந்ததை நீ மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவை நினைத்தால் எனக்கும் அவர்மேல் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் உன்னை நம்பிக்கொண்டு போயிருக்கிறார். புதிய படம் வருவதற்குள் ஒரே ஒரு முறை உட்கார்ந்து அந்த வீட்டைப் போட்டுவிடு தம்பி. நான் அவரிடம் சொன்னது பொய்யாக இருக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. அறையில் இருப்பவர்களோடு நாலு வார்த்தை பேசு, தனியாகப் படுத்துக் கிடக்காதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இந்த வாரம் முழுக்க நான் அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

உன்னை நம்பியிருக்கும்
அக்கா