ஒப்பந்தம் முடியும்வரை நீ யாரோ

இன்று காலை வாசலில் சவுக்குக் கம்புகள் வந்து இறங்கின. சின்னவன் மாடி எடுக்கிறான், சாரம் கட்ட வேண்டும். கம்புகள் லாரியிலிருந்து சரிந்ததும் பச்சைப் பட்டையின் துவர்ப்பு வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடவே நீயும் வந்துவிட்டாய். போன மாதம்தான் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

சாயர்புரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். படித்தது நீ, உட்கார்ந்தது நான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். பிறகு கம்பு, மூங்கில் வாங்கி விற்கப் போனேன். நீ தூத்துக்குடியில், புதுத் துறைமுகத்துக்குக் கிடங்கு கட்ட வந்த கம்பெனியில் சாமான் வாங்குகிற பொறுப்பில் சேர்ந்தாய். சாரத்துக்குச் சவுக்குக் கம்பு வேண்டுமென்று அங்கே டெண்டர் விட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம ஆள் உள்ளே இருக்கிறான், இனி என்ன கவலை!

டெண்டர் திறந்த அன்று எல்லார் முன்னாலும் கவர்களைப் பிரித்தாய். என் கவர் வந்ததும் நிமிர்ந்து, "இவுக வந்திருக்காகளா?" என்று கேட்டாயே. முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, பாயில் படுத்துக் குறட்டை விட்டவன் நீ. நானும் எழுந்து நின்று, அய்யா என்று சொல்லி, பேரைச் சொன்னேன்.

என் விலைதான் குறைவு, வேலை எனக்கே வந்தது. அன்று சாயங்காலம் கடையில் உனக்கும் சேர்த்து டீ சொன்னேன். கிளாசைத் தள்ளிவைத்துவிட்டாய்.

"ஏலே, உங்கிட்ட டீ குடிச்ச வாயால, உன் கம்பு வேண்டாம்னு நாளைக்கு எப்படிச் சொல்லுவேன்? ஒப்பந்தம் முடியட்டும். அதுவரைக்கும் நான் உன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்."

ஒரு வாரம் தாங்காது என்று நினைத்துச் சிரித்தேன். தாங்கியது. என்னைத் தெருவில் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனாய். நமக்குள் சண்டை என்று என் மனைவி முடிவே கட்டிவிட்டாள். அண்ணனை என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். குறைந்த விலை சொன்னேன் என்றேன்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமானது. மாமா வராமல் எப்படி என்று முதலில் கேட்டவள் அவள்தான். பெரியவளானதும் அவள் படிப்பை நான் நிறுத்தப் பார்த்தபோது, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, "உன்ன மாதிரி பெஞ்சத் தேய்க்கல அவ, படிக்கா. விடுல" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாய். அதை அவள் மறக்கவில்லை. ஒப்பந்தம் கார்த்திகையோடு முடிந்துவிடும், நீ தாராளமாக வரலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் மழை கொட்டியது. திருச்செந்தூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் தண்ணீர் நின்றது, லாரி உள்ளே போகவில்லை. நீயே மேலே எழுதி எனக்கு அவகாசம் வாங்கித் தந்தாய். மழைக்கு ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. சிநேகிதத்துக்குத்தான் இல்லை.

கடைசி லோடு கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்தது. சட்டைப்பையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு நானே லாரியில் ஏறி வந்தேன். நீ ஒவ்வொரு கம்பாகத் தரையில் உருட்டிப் பார்த்தாய். வளைந்தது, வெடித்தது என்று ஒரு குவியலைத் தனியே ஒதுக்கினாய். மாற்றுக் கம்பு வந்தால்தான் முடிந்ததாகக் கையெழுத்து என்றாய். மாற்றுக் கம்பு வெட்டி வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். உனக்கும் அது தெரியும்.

உன் தோளைப் பிடித்துக் கெஞ்சினேன். பிள்ளை உன்னைத்தான் தேடுவாள் என்றேன்.

நீ குனிந்தபடியே சொன்னாய். "எனக்கும் வரணும்லா. அதுக்காவ, இதுல ஆள ஏத்தச் சொல்லுதியா?"

பத்திரிகை என் பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

முகூர்த்தத்துக்கு நீ வரவில்லை. மகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். மாற்றுக் கம்பு இறங்கி, நீ கையெழுத்துப் போட்டபோது அவள் கயத்தாற்றில் மாமியார் வீட்டில் இருந்தாள். பேனாவை மூடிவிட்டு, "இப்ப டீ வாங்கித் தால" என்றாய். நான் லாரியில் ஏறிவிட்டேன்.

மறுநாள் நீ கயத்தாற்றுக்கு பஸ் ஏறிப் போனதை எனக்குச் சொல்லவே இல்லை. மறுவீட்டுக்கு வந்தபோது மகள்தான் சொன்னாள். புது மாப்பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டாயாம். அவள் வேலைக்குப் போவதைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசிவிட்டு வந்தாயாம். புறப்படும்போது அவளிடம், "உங்கப்பனுக்கு எம்மேல கோவம். ஞாயந்தான். ஆனா அவன் கொண்டாந்தது வளைஞ்ச கம்பு" என்றாயாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஒப்பந்தம் எடுத்தேன். என் காசில் டீ குடித்த அதிகாரிகள் பலர் என் வீட்டு விசேஷங்களுக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் முகமும் இப்போது நினைவில்லை.

உன் அடக்கத்தன்று மகள் தன் அம்மாவிடம் சொன்னாள்: "கல்யாணத்துக்கு ஊரே வந்துச்சும்மா. போன எடத்துல நான் எப்படி இருக்கேன்னு பாக்க மாமா மட்டுந்தான் வந்தாவ."

நீ முகூர்த்தத்துக்கு வந்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றத்தான் செய்கிறது. வந்திருந்தால் அந்தக் கம்பில் எவன் ஏறியிருப்பான் என்றும் உடனே தோன்றுகிறது. கோபமும் போகவில்லை, மரியாதையும் போகவில்லை. இருக்கட்டும். இரண்டில் எதை விட்டாலும் நீ பாதிதான் மிஞ்சுவாய்.